ஓரம் கிழிந்த வரைபடம்

சுவிஸ் மலையூரான செர்மாட்டில் நான் வேலை செய்த ஹொட்டேலின் சமையலறைக்கு ஒரு பின்கதவு இருந்தது. மத்தியானச் சாப்பாட்டு அமளி முடிந்து, கடைசித் தட்டும் கழுவும் இயந்திரத்துக்குள் போன பிறகு, ஒரு கால் மணித்தியாலம் அந்தக் கதவடியில் நிற்போம். தெற்குப் பக்கம் நிமிர்ந்து பார்த்தால், கூரைகளுக்கு மேலே அகலமான வெள்ளைச் சுவர் மாதிரி ஒரு மலை தெரியும். என்னை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்ட அண்ணை, புதிதாக வரும் ஒவ்வொரு பெடியனுக்கும் அதைக் காட்டுவார். "உதுதான் தம்பி மொன்டே றோசா. சுவிசிலேயே உயரமான மலை." மட்டர்ஹோர்னை யாரும் யாருக்கும் காட்டத் தேவையில்லை. அது சொக்கலேற் பெட்டியிலேயே இருந்தது. மற்ற மலைகளுக்குப் பெயர் சொல்ல ஓர் ஆள் வேண்டும். எங்களுக்கு அந்த ஆள் அண்ணைதான்.

அவர் 17 வருடம் அங்கே வேலை செய்தார். விட்டுப் போகும்போது, சாமான் அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த ஒரு வரைபடத்தைக் கவனமாக உரித்து என்னிடம் தந்தார். எப்போதோ தங்கிய விருந்தாளி ஒருவர் அறையில் விட்டுப் போனது. 1:50,000 அளவு, நடைபயணிகளுக்கான சுவிஸ் வரைபடம். மடிப்புகளில் துணி போல நைந்துவிட்டது, கீழ் ஓரம் முழுக்கக் கிழிந்திருந்தது. நான் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வேலை மாறி, ஊர் மாறி, கலியாணம் கட்டி, இருபது வருடத்துக்கு மேல் விரிக்கவே இல்லை. செர்மாட்டில் இருந்த காலத்தில் ஒரு நாளாவது மலைக்கு மேலே போகவும் இல்லை. லீவு நாளில் நித்திரை கொள்ளவே நேரம் போதாது. மேலே போகும் றெயிலின் ரிக்கற் விலையை வீட்டுக்கு அனுப்பும் காசோடு ஒப்பிட்டுப் பார்க்கிற காலம் அது.

போன ஆவணியில்தான், பதினான்கு வயது மகளோடு, அந்த வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு, செர்மாட்டிலிருந்து மலைறெயில் ஏறிப்போய் முடியும் கோர்னர்கிராட் முகட்டுக்குப் போனேன்.

போவதற்கு முன், அது எந்த ஆண்டின் வரைபடம் என்று கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வழக்கமாக ஆண்டு கீழ் ஓரத்தில்தான் இருக்கும். சுவிஸ் வரைபடங்களில் அதையும் கவனித்துப் பார்க்க வேண்டும். அச்சிட்ட ஆண்டு வேறு, முழுமையாகத் திருத்திய ஆண்டு வேறு, இடையில் புதுத் தெரு, புதுக் கம்பிவண்டி என்று சில்லறையாகச் சேர்த்த ஆண்டு வேறு. பனியின் விளிம்பு எந்தக் காலத்தது என்று அறிய, முழுத் திருத்தம் நடந்த ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் வரைபடத்தில் அந்த ஓரமே இல்லை. அதனால் எது இருக்கிறது, எது இல்லை என்று தேடத் தொடங்கினோம். கோர்னர்கிராட் றெயில் இருந்தது. அது 1898இலேயே ஓடத் தொடங்கிவிட்டதால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கிளைன் மட்டர்ஹோர்ன் உச்சிக்குப் போகும் கம்பிவண்டி இல்லை. அது 1979இல் திறந்தது. ஆகவே அதற்கு முந்தையது. மொன்டே றோசா குடில் பழைய இடத்தில், 2795 மீற்றரில் இருந்தது. வெள்ளித்தகடு போர்த்த இன்றைய குடில், 2009இல் கட்டி முடித்தது, 2883 மீற்றரில் நிற்கிறது.

மிச்சத்தைச் சுவிஸ் நிலஅளவைத் திணைக்களத்தின் இணையவழி வரைபடம் சொன்னது. அதில் காலப்பயணம் என்று ஒரு வசதி உண்டு. ஒரு கோட்டை இழுத்தால், 1844 தொடக்கம் இன்றுவரை அதே இடம் ஒவ்வொரு பதிப்பிலும் எப்படி வரையப்பட்டது என்று பார்க்கலாம். இலவசம். மகள் கோட்டை இழுத்தாள். நான் எங்கள் நைந்த தாளைப் பக்கத்தில் பிடித்தேன். 1960களின் பதிப்பு வந்ததும் நீல விளிம்புகள் அப்படியே பொருந்தின. என்னைவிட வயது கூடிய வரைபடம்.

கோர்னர்கிராட் 3089 மீற்றர். இறங்கிப் பார்த்தவுடன் வாயடைத்துப் போனேன். முன்னால் ஒரு பெரிய பள்ளம், அதற்குள் பனியாறு, அதற்கு அப்பால் வெள்ளை மலைகள் வரிசையாக. பார்வைமேடையில் பெயரெழுதிய பலகை உண்டு. அதைக் கடைசியில்தான் பார்ப்பது என்று முதலிலேயே பேசிவைத்திருந்தோம். கையில் வரைபடம் இருக்கிறது, அதை வைத்தே பிடிப்போம்.

இங்கேதான் நான் பிழைவிட்டேன். எப்படிப் பிழைவிட்டேன் என்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய வரைபடத்தோடு மலைக்குப் போகிற எவரும் இதே பிழையைத்தான் முதலில் விடுவார்கள்.

வரைபடத்தை விரித்தால் கண்ணுக்கு முதலில் படுவது நீலம். கோர்னர் பனியாறு ஒரு மரம் மாதிரி. அடிமரம் மேற்கே சரிந்து கீழே போகிறது. தெற்கிலிருந்து கிளை கிளையாக வந்து சேர்கின்றன. கீழ்த் தியோடூல் பனியாறு, பிரைட்ஹோர்ன் பனியாறு, ஷ்வெர்ட்ஸ பனியாறு, இரட்டையர் பனியாறு, கிறென்ஸ் பனியாறு, மொன்டே றோசா பனியாறு. ஒவ்வொரு கிளையின் தலைமாட்டிலும் ஒரு சிகரம். ஆகவே வலப்பக்கத்திலிருந்து கிளைகளை எண்ணிக்கொண்டே வந்தால் சிகரங்கள் தாமாகப் பிடிபடும் என்று நினைத்தேன். முதலில் சேர்வது கீழ்த் தியோடூல், அதற்கு மேலே கிளைன் மட்டர்ஹோர்ன். அடுத்தது பிரைட்ஹோர்ன். அடுத்து பொலக்ஸ், காஸ்டர். விரலை நகர்த்தி நகர்த்தி மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். லிஸ்காம் என்று நான் காட்டியதோடு மலைவரிசை முடிந்துவிட்டது. இடப்பக்கம் மிச்சமில்லை. வரைபடத்தில் இன்னும் ஒரு மலை இருந்தது, மொன்டே றோசா. நாட்டிலேயே உயரமான மலைக்கு எங்கள் முன்னால் இடமே இல்லை.

வரைபடம் பிழையோ என்று ஒரு நிமிடம் நினைத்தேன். மகள்தான் சொன்னாள். "அப்பா, நீங்க இரட்டையர் எண்டு காட்டுறது ஒரு மலைதானே. இரட்டை எண்டால் ரெண்டு நிக்கோணும்."

சரிதான். காஸ்டரும் பொலக்சும் இரட்டைச் சகோதரர்களின் பெயர். எல்லாரும் சேர்த்தே சொல்லும் இரண்டு வெள்ளைக் கூம்புகள். நான் காட்டியதோ நீண்ட ஒற்றைச் சுவர். திரும்பவும் வரைபடத்தையும் பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தபோது விளங்கியது. வரைபடத்தில் அடிமரத்தைத் தொடும் கீழ்த் தியோடூல் பனியாறு இன்று அதைத் தொடவில்லை. மேலேயே நின்றுவிட்டது. அதற்கும் அடிமரத்துக்கும் நடுவில் சாம்பல் நிறப் பாறையும் கல்லும்தான். நான் எண்ணத் தொடங்கிய முதற்கிளையே இல்லாமல் போனதால், இரண்டாவதை முதலாவது என்று எடுத்து, எல்லாப் பெயரையும் ஓரிடம் இடப்பக்கம் தள்ளிவிட்டேன்.

அப்புறம் பனியை விட்டுவிட்டுக் கல்லிலிருந்து தொடங்கினோம். சுவிஸ் வரைபடங்களில் நான் மிகவும் நேசிப்பது பாறை வரைதல்தான். செங்குத்துப் பாறைகளைச் சமவுயரக் கோடுகளால் மட்டும் காட்டாமல், நுண்ணிய கறுப்புக் கீறல்களால் முகம் முகமாக வரைந்திருப்பார்கள். வெளிச்சம் வடமேற்கிலிருந்து விழுவதாக வைத்து நிழலும் தீட்டியிருப்பார்கள். கோடுகளின் நிறத்திலும் ஒழுங்கு உண்டு. மண்ணும் புல்லும் உள்ள இடத்தில் மண்ணிறம், பாறையிலும் கற்குவியலிலும் கறுப்பு, பனியின் மேல் நீலம். அறுபது வருடத்தில் நீலம் சுருங்கிவிட்டது. பெருமலைகளின் கறுப்பு ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. பழைய வரைபடத்தை நம்பலாமா என்று கேட்டால், என் பதில் எந்த நிறத்தைக் கேட்கிறீர்கள் என்பதுதான்.

மட்டர்ஹோர்ன் சந்தேகமில்லாதது. வரைபடத்தைத் தரையில் விரித்து, நாங்கள் நிற்கும் இடத்திலிருந்து மட்டர்ஹோர்ன் வரை ஒரு நூலைப் பிடித்தோம். நூல் நிஜ மட்டர்ஹோர்னைக் காட்டும்வரை தாளைத் திருப்பினோம். திசைகாட்டியே தேவைப்படவில்லை. பிறகு நூலின் மறுமுனையை ஒவ்வொரு சிகரமாக நகர்த்தினோம். பிரைட்ஹோர்ன் என்றால் அகன்ற கொம்பு. பெயருக்கேற்ப அகன்றுதான் நின்றது. அதற்கு இடப்பக்கம் பொலக்ஸ், காஸ்டர், இரண்டும் தனித்தனியாக, வடிவாக. அதற்கும் இடப்பக்கம் நான் பிழையாக இரட்டையர் என்று சொன்ன அந்த நீண்ட சுவர், லிஸ்காம். கடைசியாக, நான் லிஸ்காம் என்று காட்டியிருந்த பெரும் வெள்ளைத் திணிவு மொன்டே றோசா. அதன் இடப்பக்க முனை நோர்ட்எண்ட், 4609. வலப்பக்கப் பாறை முனை டுஃபூர்ஷ்பிட்ஸ, 4634 மீற்றர்.

அவ்வளவு உயரமான மலை ஏன் உயரமாகத் தெரியவில்லை? இதையும் வரைபடத்தை வைத்தே பார்த்தோம். 1:50,000 அளவில் 2 சென்ரிமீற்றர் ஒரு கிலோமீற்றர். டுஃபூர்ஷ்பிட்ஸ எங்களிடமிருந்து 8 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. நாங்கள் நிற்கும் 3089ஐக் கழித்தால் எங்களுக்கு மேலே 1545 மீற்றர். ஒரு கிலோமீற்றர் தூரத்துக்கு 190 மீற்றருக்குக் கொஞ்சம் குறைவான ஏற்றம். பிரைட்ஹோர்ன் 4164, எங்களுக்கு மேலே 1075 மீற்றர்தான், ஆனால் ஐந்தரைக் கிலோமீற்றர் தூரத்திலேயே நிற்கிறது. கிலோமீற்றருக்கு 195. அதாவது 470 மீற்றர் உயரம் குறைந்த பிரைட்ஹோர்ன், கண்ணுக்கு டுஃபூர்ஷ்பிட்ஸவை விட ஒரு துளி உயரமாகவே தெரியும். மகள் தொலைபேசியில் கணக்குப் போட்டுவிட்டு, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டி இரண்டையும் அளந்து பார்த்தாள். "ஓம் அப்பா, சரியா வருது" என்றாள்.

பெயர்களில் ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. டுஃபூர்ஷ்பிட்ஸவுக்குப் பக்கத்து முனையை எங்கள் தாள் ஓஸ்ட்ஷ்பிட்ஸ, கிழக்கு முனை என்கிறது. 2014இல் அதற்கு டுனான்ட்ஷ்பிட்ஸ என்று பெயரிட்டார்கள். ஹென்றி டுனான்ட், செஞ்சிலுவைச் சங்கம் உருவாகக் காரணமானவர். பக்கத்து முனைக்குப் பெயர் தந்த கியோம் ஹென்றி டுஃபூர், இந்த நாட்டை முதன்முதலில் முழுமையாக 1:100,000 அளவில், 25 தாள்களில் வரைவித்த படைத்தளபதி. 1845இலிருந்து 1865 வரை அந்தத் தாள்கள் வெளிவந்தன. 1863இல் சிகரத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அதே 1863இல் ஜெனிவாவில் ஐந்து பேர் கூடித் தொடங்கிய குழுவின் முதல் தலைவரும் அவர்தான். அந்தக் குழுதான் பின்னர் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் ஆனது. மகளுக்கு இது பள்ளிக்கூடப் பாடம். எனக்கு அப்படியில்லை. 1989இலிருந்து அந்தச் சங்கம் இலங்கையில் வேலை செய்தது. தெரு பூட்டிக் கிடந்த நாட்களில் சிவப்புச் சிலுவைக் கொடியோடு வரும் வெள்ளை வாகனத்தைப் பார்த்து மூச்சுவிட்டவர்கள் நாங்கள். அதைத் தொடங்கிய இருவரும் பனிக்கு நடுவே பக்கத்துப் பக்கத்து முனைகளாக நிற்கிறார்கள் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. கொஞ்ச நேரம் கதைக்க முடியவில்லை. மகள் ஒன்றும் கேட்காமல் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

உயரங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், இது பலரைக் குழப்புவது. 19ஆம் நூற்றாண்டுத் தாளில் டுஃபூர்ஷ்பிட்ஸ 4638 மீற்றர். மலை நான்கு மீற்றர் தேயவில்லை. சுவிசின் எல்லா உயரங்களும் ஜெனிவா ஏரியில் தலைநீட்டும் ஒரு பாறையிலிருந்து அளக்கப்படுகின்றன. அந்தப் பாறையின் உயரத்தை முன்பு 376.86 என்று வைத்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை 373.6 என்று திருத்தினார்கள். நாடு முழுவதும் ஒவ்வொரு மலையும் காகிதத்தில் 3.26 மீற்றர் இறங்கியது. ஆகவே மிகப் பழைய தாளோடு போகிறவர்கள் மூன்று மீற்றர் வித்தியாசத்தைக் கண்டு வேறு சிகரம் என்று நினைக்கக் கூடாது. ஆனால் உச்சியிலே பனித்தொப்பி உள்ள மலைகள் நிஜமாகவே குறைகின்றன. சாஸ் பள்ளத்தாக்கின் வைஸ்மீஸ் நெடுங்காலம் 4023 என்று எழுதப்பட்டு வந்தது. பின்னர் அதை 4017 என்று குறைத்தார்கள்.

சிகரங்கள் பிடிபட்ட பிறகு பனியாறுகளுக்கு வந்தோம். எண்ணுவதை விட்டுவிட்டு, இம்முறை கறுப்புக் கோடுகளைப் பின்தொடர்ந்தோம். இரண்டு பனியாறுகள் சேரும்போது, இரண்டும் ஓரத்தில் சுமந்துவந்த கற்கள் நடுவில் ஒன்றாகிப் பனியின் முதுகில் ஒரு நீண்ட கருங்கோடாகக் கீழே போகும். கோட்டைப் பிடித்து மேலே போனால் அவை சேர்ந்த இடம் வரும். அடிமரத்தில் கிடந்த பனியை அப்படி மேல்நோக்கிக் கண்ணால் தொடர்ந்தபோது, நாங்கள் வந்து நின்றது கோர்னர் பனியாற்றின் தலைமாட்டில் அல்ல. லிஸ்காமுக்கும் மொன்டே றோசாவுக்கும் நடுவில், கிறென்ஸ் பனியாற்றில். கிறென்ஸ் என்றால் எல்லை. இத்தாலி எல்லை முகட்டிலிருந்து இறங்குவதால் அந்தப் பெயர். கோர்னர் பனியாறு என்று வரைபடம் எழுதியிருக்கும் நீண்ட நாக்குக்கு இன்று பனி கொடுப்பது பெரும்பாலும் கிறென்ஸ்தான். கோர்னரின் சொந்தத் தலைப்பகுதி இடப்பக்கத்தில் மெலிந்து ஒதுங்கிக் கிடக்கிறது. பெயர் ஒருவருடையது, உடம்பு இன்னொருவருடையது.

பனிக்கு மேலே, பள்ளத்தின் இரு பக்கமும் வெளிறிய ஒரு பட்டை ஓடுகிறது. அதற்கு மேலே பாறை பாசி படிந்து கறுத்திருக்கும். கீழே கழுவிவிட்ட மாதிரி வெளுத்திருக்கும். ஆல்ப்ஸ் பனியாறுகள் 1850 வாக்கில் பெருத்து நின்ற மட்டம் அது. எங்கள் தாளின் நீல விளிம்பு அந்த வெளிறிய பட்டைக்குள் எங்கோ போகிறது. அதன் நீலக் கோடுகளில் பனியின் அன்றைய மேற்பரப்பின் உயரம் எழுதியிருக்கிறது. அந்த உயரத்தை எதிர்ச் சரிவில் தேடிப் பிடித்துப் பார்த்தால், முன்பு பனியின் மேல்தட்டு இருந்த இடத்தில் இப்போது வெறும் காற்று. 2022இல் மட்டும் சுவிஸ் பனியாறுகள் தம் கனவளவில் 6 வீதத்தை இழந்தன. 2023இல் இன்னும் 4 வீதம். செய்தியில் கேட்டபோது அவை எனக்கு எண்களாகத்தான் இருந்தன. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எவ்வளவு என்று தெரிந்தது.

கோர்னர்கிராட் றெயிலின் றொட்டன்போடன் நிலையத்திலிருந்து மொன்டே றோசா குடிலுக்கு எங்கள் தாளில் ஒரு பாதை போகிறது. சரிவில் இறங்கி, பனியாற்றில் ஏறி, புள்ளிக்கோடாக அக்கரைக்கு. சரிவுப் பாதையில் கொஞ்சத் தூரம் நடந்தோம். தாளின்படி பனியில் கால் வைக்க வேண்டிய உயரத்தில் நின்று பார்த்தால், பனி எங்கேயோ கீழே, நடுவில் உருளத் தயாராகக் கற்கள். அங்கேயே திரும்பிவிட்டோம். இதை அழுத்திச் சொல்கிறேன். பழைய வரைபடத்தைச் சிகரம் பார்க்க எடுத்துப் போங்கள், வழி பார்க்க எடுத்துப் போகாதீர்கள். பனியைத் தொடும் பாதைகளுக்கு இந்த வருடத்து வரைபடமும், அந்த இடத்தை அறிந்த வழிகாட்டியும் வேண்டும். வெள்ளை, நீலம், வெள்ளை என்று பூசிய அடையாளம் கண்டால் அது சாதாரண நடைபாதை இல்லை.

இதெல்லாம் மலையேறுகிறவர்களின் கவலை மட்டும் இல்லை. தியோடூல் பனியாற்றுப் பக்கம் சுவிஸ் இத்தாலி எல்லையே நீர்பிரி முகட்டைத் தொடர்ந்து போவதாக வரையப்பட்டிருக்கிறது. பனி உருகியதும் முகடு நகர்ந்தது, முகடு நகர்ந்ததும் எல்லை கேள்வியானது. இரு நாடுகளும் பேசி, 2023இல் புதுக் கோட்டுக்கு உடன்பட்டன. 2024இல் சுவிஸ் அரசு ஒப்புதல் தந்தது. எல்லைக் கோட்டுக்காக எவ்வளவு இரத்தம் சிந்தும் என்று பார்த்த எனக்கு, உருகும் பனிக்காக இரண்டு நாடுகள் அமைதியாக இருந்து கோட்டை மாற்றி வரைந்தது பெரிய விசயம்.

பின்னேர றெயிலில் இறங்கினோம். செர்மாட்டில் பழைய ஹொட்டேலுக்குப் பின்னால் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கதவுக்குப் புதுப் பூச்சு பூசியிருந்தார்கள். குப்பைத் தொட்டிகள் நின்ற இடம் மட்டும் அதே இடம். தெற்கே அதே அகன்ற வெள்ளைச் சுவர். தாளை மதிலில் விரித்து நூலைப் பிடித்தோம். இரண்டு தடவை பிடித்துப் பார்த்தோம். மொன்டே றோசா கோர்னர்கிராட் முகட்டுக்கு அப்பால் மறைந்திருக்கிறது. ஊருக்குள்ளிருந்து அது தெரியாது.

அண்ணை இப்போது லுசேர்ன் பக்கம் மகள் வீட்டில் இருக்கிறார். காலில் வருத்தம், அதிகம் வெளியே போவதில்லை. அங்கிருந்தே அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். வரைபடம் இன்னும் இருக்கிறது என்றதும் சந்தோசப்பட்டார். அப்புறம் விசயத்தைச் சொன்னேன். மறுபக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அப்ப 17 வருசமா நான் பாத்தது என்ன மலையடா தம்பி?"

"பிரைட்ஹோர்ன், அண்ணை."

"என்ன அர்த்தம்?"

"அகலக் கொம்பு."

"ஓம், அகலம்தான்" என்றார். "காலமை அஞ்சரைக்கு நான் போய்க் கதவைத் திறக்கேக்க, அதின்ர இடப்பக்கத்தில முதல் வெளிச்சம் விழும். இப்பவும் விழுதோ?"

நாங்கள் நின்றது பின்னேரம். காலையில் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கடைசி றெயிலை விட்டுவிட்டு, அன்றிரவு அங்கேயே ஓர் அறை எடுத்தோம்.